பாய்ப்படகு வேகச் சாதனையும் அதன் ஆயத்தமும் – ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் எதிராளி ஒருவன் இருப்பான். அவனை வெல்வதே வெற்றி எனப்படும். பாய்ப்படகின் வேகச் சாதனை முயற்சியிலோ அத்தகைய எதிராளி எவனுமில்லை. நீர்ப்பரப்பின்மேல் அளந்து குறிக்கப்பட்ட 500 மீற்றர் தூரம், அதனைக் கடக்கும் நேரத்தைக் கணிக்கும் கருவி, காற்று என்னும் இம்மூன்று மாத்திரமே அங்கு உள. 2012ஆம் ஆண்டு நவெம்பர் 24ஆந் திகதி, ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையிலுள்ள நமீபியா நாட்டின் வோல்விஸ் குடாவில், ‘செயில்றொக்கற் 2’ என்னும் படகு இத்தூரத்தைப் பதினைந்து செக்கனுக்குள் கடந்தது. அதன் சராசரி வேகம் 65.45 நொட். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர் செல்லும் வேகமே ஒரு நொட் ஆதலின், அப்படகு மணித்தியாலத்துக்கு 121 கிலோமீற்றர் வேகத்திற் சென்றது எனலாம். இயந்திரம் எதுவும் அதில் இருக்கவில்லை.

அப்பதினைந்து செக்கனுக்காக அதனை ஆக்கியோர் பத்தாண்டுகளைச் செலவிட்டிருந்தனர். செய்தித்தாள்கள் பதினைந்து செக்கனைப் பற்றி எழுதின. வரலாற்றை நோக்குவோர்க்கு அப்பத்தாண்டுகளே முக்கியமானவை. எவ்விடத்தில் ஓடுவது, எந்தக் காற்றுக்காகக் காத்திருப்பது, உடைந்த ஒன்றிலிருந்து எதனைக் கற்பது ஆகியன யாவும் படகு நீரில் இறங்குமுன், கரையிலேயே தீர்மானிக்கப்பட்டன. அதுமட்டுமன்று. ஆயத்தம் நீளும் காலத்தில் இலக்கும் நகர்ந்துகொண்டே இருந்தது. முறியடிக்கவேண்டும் என்று குறித்துவைத்த சாதனையைப் படகு தயாராகுமுன் வேறொருவர் முறியடித்துவிடுவார். இவ்விரு நிலைமைகளுக்கும் இடையே அகப்பட்ட மனிதரின் கதையே இவ்வேகச் சாதனையின் வரலாறு.

பாய்க்கப்பலின் வேகம் பற்றிய பெருமிதம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தேயிலையையும் கம்பளி மயிரையும் பொன் தேடிச் சென்றோரையும் ஏற்றிய விரைவுக் கப்பல்கள் தம்முட் போட்டியிட்டன. 1854ஆம் ஆண்டில் ‘சம்பியன் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பல் அவுஸ்திரேலியாவை நோக்கிச் செல்கையில் ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை 465 கடல் மைல் கடந்ததாகக் குறிப்பேடு கூறும். இக்கணக்கினைப் பாய்க்கப்பல் எதுவும் 1984ஆம் ஆண்டுவரை மிஞ்சவில்லை என்பது வியப்புக்குரியது. ஆயினும் இத்தகைய பதிவுகள் கப்பற் றலைவர்களின் சொல்லையும், முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் ஓடவிட்டு அளந்த கணிப்பையும் நம்பியே நின்றன. நொட் என்னும் அளவின் பெயரே அம்முடிச்சுகளிலிருந்து வந்தது. ஒருவர் தமது படகு 25 நொட் வேகத்திற் சென்றதென்றால் மற்றவர் 30 என்பார். மறுப்பதற்கோ ஏற்பதற்கோ பொதுவான அளவுகோல் இல்லை.

அவ்வளவுகோல் 1972இல் உருவாயிற்று. பிரித்தானியாவின் றோயல் படகோட்டச் சங்கம், ஜோன் பிளேயர் என்னும் சிகரெட்டுக் கம்பனியின் நிதியுதவியுடன், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போட்லண்ட் துறைமுகத்தில் வேக வாரம் ஒன்றை நடத்தியது. 500 மீற்றர் தூரத்தைக் கடக்கும் சராசரி வேகமே கணக்கிலெடுக்கப்படும், உந்துவிசை இயற்கைக் காற்றாகவே இருத்தல் வேண்டும், ஓட்டத்தை அதிகாரம் பெற்ற ஒருவர் நேரிற் கண்டு உறுதிப்படுத்தல் வேண்டும் என்றாற்போன்ற விதிகள் இக்காலத்திலேயே வடிவம் பெற்றன. சாதனைகளைப் பதிந்து உறுதிசெய்யும் உலகச் சபையும் அதே ஆண்டிற் றோன்றியது. சாதனை முதலிற் றோன்றிப் பின்னர் அளவை தோன்றியதெனக் கருதுதல் தவறு. அளவை தோன்றிய பின்னரே சாதனை என்ற ஒன்று இருக்க முடிந்தது. இவ்வளவை தோன்றிய நாளிலிருந்தே படகு கட்டுவோரின் சிந்தனையும் திரும்பிவிட்டது. கடலைக் கடக்கும் கப்பல் அவர்களுக்கு வேண்டியதில்லை. அரை கிலோமீற்றரை மட்டும் கடக்கும் ஒரு பொருளே வேண்டியதாயிற்று.

போட்லண்ட் தெரிவுசெய்யப்பட்டமை தற்செயலன்று. அதன் மேற்கே செசில் கரை எனப்படும் நீண்ட கூழாங்கல் அணை கடலைத் தடுத்துநிற்கிறது. கிழக்கே 1849 முதல் சிறைக்கைதிகளின் உழைப்பினாற் கட்டப்பட்ட அலைதடுப்பு அணைகள் உள்ளன. மேற்கிலிருந்து வரும் காற்று அக்கல்லணையின்மேல் தடையின்றி வீசும். அலையோ உள்ளே வரமாட்டாது. வலிய காற்றும் தட்டையான நீரும் ஒருங்கே கிடைப்பது இயற்கையில் அரிது. காற்று வலுத்தால் நீர் கொந்தளிக்கும். நீர் அமைதியாயின் காற்று இராது. இவ்விரண்டையும் பிரித்துத்தரும் இடத்தைத் தேடுவதே வேகச் சாதனை ஆயத்தத்தின் முதற்படி. பிற்காலத்தில் உலகெங்கும் அலைந்தோர் யாவரும் தேடியது இன்னொரு செசில் கரையையே.

முதல் வெற்றி ‘குறொஸ்போ’ என்னும் படகுக்குக் கிடைத்தது. கடுகு உற்பத்தியாற் பெயர்பெற்ற கோல்மன் குடும்பத்தைச் சேர்ந்த ரிம் கோல்மன் இதன் உரிமையாளர். றொட் மக்கல்பைன்-டவுனி இதன் வடிவமைப்பாளர். 60 அடி நீளமும் மிகக் குறுகிய அகலமும் உடைய ஓர் உடல். காற்று வீசும் பக்கமாக நீட்டிய சட்டங்களின் முனையில் ஒரு சிறு மிதவை. படகு சாயாதிருக்க ஆட்கள் அம்மிதவைப் பக்கம் நகர்ந்து தமது பாரத்தாற் சமநிலையைப் பேணினர். இது ஒரு பக்கக் காற்றுக்கு மாத்திரமே ஓடத்தக்கது. மறுபக்கம் திரும்பி ஓட இயலாத படகைப் படகென்று கூறலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. குறொஸ்போ 1972இல் 26.30 நொட் வேகத்தைப் பதிந்து அக்கேள்வியை ஒருபுறம் ஒதுக்கிவைத்தது.

இவ்விடத்து ஒன்று கூறவேண்டியுள்ளது. பக்கமிதவையைக் காற்றுமுகத்திற் கொண்டு ஓடும் இவ்வமைப்பு நீர்கொழும்புக் கரையில் பாய்விரித்துச் செல்லும் ஒருவா என்னும் மீன்பிடி வள்ளத்தைக் கண்டோர்க்குப் புதியதன்று. ஒருவாவும் மிதவையை எப்பொழுதும் காற்றுமுகத்தில் வைத்தே ஓடும். திரும்பவேண்டின் வள்ளம் திரும்பாது. பாயை மாற்றிப் பிற்புறத்தை முற்புறமாக்கிக்கொள்ளும். அவ்வகையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓடும் குறொஸ்போவினும் ஒருவா முழுமையான கலம் எனலாம். வேகப்படகுகள் பற்றிய நூல்களில் அடிக்கடி வரும் ‘கற்றமறான்’ என்ற சொல் கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே என்பதும் நாமறிந்ததே. சோழமண்டலக் கரையிற் கண்ட கட்டுமரத்தை வில்லியம் டம்பியர் 1697இல் வெளிவந்த தமது பயண நூலிற் குறித்துள்ளார். ஆயினும் இதனைக்கொண்டு மேலைத்தேய வேகப்படகு தமிழரின் கண்டுபிடிப்பென முழங்குவது பொருந்தாது. நமது கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அவர்களது கற்றமறான் இடைவெளிவிட்டு இணைத்த இரட்டை உடல். தமிழ்ச்சொல் கப்பலேறிச் சென்றது. அதன் பொருள் நடுக்கடலில் மாறிவிட்டது. கடன்பட்டது சொல்லளவிலேயே.

குறொஸ்போ ஒருமுறை வென்றதோடு ஓயவில்லை. ஒவ்வோர் ஆண்டும் போட்லண்டுக்கு வந்தது. 1975அளவில் அதன் வேகம் 31 நொட்டை எட்டியது. அடுத்த ஆண்டு கோல்மன் இரண்டாவது படகை இறக்கினார். இதில் இரு உடல்கள். ஒன்று மற்றதைவிட முன்தள்ளியிருக்கும். ஒவ்வோர் உடலிலும் ஒரு பாய்மரம். ஒரு பாய் மற்றதன் காற்றைத் தடுக்காதிருக்கவே இந்த ஏற்றத்தாழ்வு. 1980 நவெம்பரில் இப்படகு 36 நொட்டைத் தொட்டது. எட்டாண்டுகளில் வேகம் பத்து நொட்டே கூடியது. அதற்குமேல் இவ்வழியிற் செல்ல இயலாதென்பது பலருக்கும் தெளிவாயிற்று.

ஏன் இயலாது என்பதை விளக்குதல் அவசியம். பாயின்மேற் படும் காற்றுவிசை உயரத்திலே தொழிற்படுகிறது. அதனை எதிர்க்கும் நீரின் விசை கீழே தொழிற்படுகிறது. இவ்விரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாமையாற் படகு கவிழ முயல்கிறது. கவிழாதிருக்கப் பாரம் வேண்டும், அல்லது அகலம் வேண்டும். பாரம் கூடினால் வேகம் குறையும். பாய்ப்படகின் பழைய சிக்கல் முழுவதும் இவ்வொரு முடிச்சில் அடங்கியுள்ளது. அமெரிக்கரான பேர்ணாட் சிமித் 1963இல் வெளியிட்ட நூலில் இம்முடிச்சை அவிழ்க்கும் வழியொன்றைக் காட்டினார். பாயைச் சாய்த்துப் படகின் ஒரு பக்கத்திலும், நீருள் அமிழும் தகட்டைச் சாய்த்து மறுபக்கத்திலும் வைத்தால், இருவிசைகளும் ஒரே கோட்டில் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று சமப்படுத்தும்; கவிழ்க்கும் விசை என்பதே இல்லாதொழியும் என்றார். நூலின் பெயரிலேயே 40 நொட் என்ற இலக்கு இடம்பெற்றிருந்தது. அவர் மாதிரிகளைச் செய்து காட்டினார். ஆனால் மனிதனை ஏற்றிச் சாதனை படைக்கும் படகாக அக்கருத்து வடிவம் பெற நாற்பதாண்டுகளுக்கு மேற் சென்றது.

இடைப்பட்ட காலத்தில் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. 60 அடிப் படகுகளும் அவற்றின் செல்வந்த உரிமையாளரும் ஒரு பலகையாலும் ஒற்றைப் பாயாலும் தோற்கடிக்கப்பட்டனர். 1986இல் கனேரித் தீவுகளிலொன்றான புவெற்றெவெந்துராவில், பிரெஞ்சுக்காரரான பஸ்கால் மக்கா என்பவர் பாய்ப்பலகையில் நின்றவாறு 38.86 நொட் வேகத்திற் சென்று குறொஸ்போவின் சாதனையை அழித்தார். 1988இல் எரிக் பீல் என்னும் ஆங்கிலேயர் 40 நொட்டை முதன்முறையாகக் கடந்தார். இது நிகழ்ந்த இடம் தென்பிரான்சிலுள்ள சாந் மரி. அங்கு ஓட்டத்துக்கெனவே கரையோரமாக ஒரு நீண்ட கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. மிஸ்திரால் என்னும் கடுங்காற்று அதன்மேல் வீசும். குறுகிய வாய்க்காலில் அலை எழ இடமேது?

இக்கால்வாய் பற்றி அன்றும் பின்னரும் கருத்து வேறுபாடு நிலவியது. கடலில் ஓடுவதற்கெனத் தோன்றிய கலையைக் குழி தோண்டி அதனுள் நடத்துவது முறையா என்று சிலர் வினவினர். இவ்வாட்சேபம் முழுவதும் நியாயமானதன்று. போட்லண்ட் துறைமுகமும் மனிதர் கட்டிய அணைகளுக்குள் அடங்கியதே. கைதிகள் கல் சுமந்து கட்டிய அணை ஏற்புடையதாயின் மண் அகழ்ந்த வாய்க்கால் மாத்திரம் எவ்வாறு ஏற்பற்றதாகும்? இடத்தை ஆயத்தஞ் செய்வதும் படகை ஆயத்தஞ் செய்வதும் ஒரே முயற்சியின் இரு பகுதிகள் என்பதைப் பலகையோட்டிகள் வெளிப்படையாக்கினர், அவ்வளவே. எனினும் இதில் ஓர் இழப்பும் இருந்தது. பலகையோட்டியின் வேகம் பெரிதும் அவனது உடல்வலுவையும் துணிவையும் பொறுத்தது. பொறியியற் சிந்தனைக்கு அதிற் கிடைக்கும் இடம் குறைவு. படகு கட்டுவோர் பலர் இக்காலத்தில் ஊக்கமிழந்து ஒதுங்கினர்.

ஒதுங்காதவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியரான லின்ட்சே கணிங்காம். இரட்டை உடற் படகுகளிலும், துணிக்குப் பதிலாக விறைப்பான சிறகைப் பாயாகக்கொள்ளும் முறையிலும் நீண்ட அனுபவமுடையவர். அவர் வடிவமைத்த ‘யெலோ பேஜஸ் என்டெவர்’ மூன்று குறுகிய மிதவைகளை முக்கோணமாக இணைத்த ஓர் அமைப்பு. நடுவே உயர்ந்த சிறகுப்பாய். நிதியுதவிய தொலைபேசி விபரக்கொத்தின் பெயரே படகுக்கும் வாய்த்தது. விக்ரோறியா மாநிலத்தின் சாண்டி பொயின்ற் என்னும் இடத்தில், மணற்றிட்டொன்றின் பின்னேயுள்ள ஆழமற்ற நீரில், 1993 ஒக்டோபர் 26ஆந் திகதி சைமன் மக்கியொன், ரிம் டாடோ ஆகிய இருவரும் இப்படகை ஓட்டி 46.52 நொட் வேகத்தை நாட்டினர். பலகைகளிடமிருந்து படகு சாதனையை மீட்டது.

இதன் பின்கதை அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. அதே குழுவினர் 50 நொட்டை இலக்காகக் கொண்டு ‘மக்குவாறி இனொவேசன்’ என்னும் அடுத்த படகை ஆக்கினர். சாண்டி பொயின்றில் வேண்டிய வலுவும் வேண்டிய திசையும் கொண்ட காற்று ஆண்டில் வெகுசில நாட்களிலேயே கிடைக்கும். காற்று வந்த நாளில் நீர்மட்டம் பொருந்தாது. இரண்டும் பொருந்திய நாளிற் படகில் ஏதேனும் உடையும். 2009 மார்ச்சில் அப்படகு 50.07 நொட் வேகத்தைப் பதிந்தது. 500 மீற்றர் ஓட்டத்தில் 50 நொட்டைக் கடந்த முதற் படகு அதுவே. ஆனால் ஐந்து மாதங்களுக்கு முன்னரே, 2008 ஒக்டோபரில், நமீபியாவின் லூடெரிற்ஸ் நகரில் பட்டத்தால் இழுக்கப்படும் பலகைகளில் ஓடியோர் அவ்வெல்லையைக் கடந்து 50.57 நொட் வரை சென்றுவிட்டனர். ஏறத்தாழ பதினைந்தாண்டு உழைப்பு, ஐந்து மாதப் பிந்துகையால் முதன்மைப் பட்டத்தை இழந்தது.

இனி, சிமித்தின் கருத்துக்குத் திரும்புவோம். பிரித்தானியப் பொறியியலாளரான மல்கம் பார்ன்ஸ்லியும் அவுஸ்திரேலியக் கடலோடியான போல் லார்சனும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கருத்தைப் படகாக்க முற்பட்டனர். லார்சனின் துணைவியான சுவீடன் நாட்டவர் ஹெலேனா டார்வெலிட் குழுவின் நிருவாகத்தை ஏற்றார். முதலாவது செயில்றொக்கற் 2004இல் நீரில் இறக்கப்பட்டது. அக்காலத்தில் முறியடிக்கவேண்டிய எண் 46.52. அதே ஆண்டின் இறுதியிலே பினியன் மேனாட் என்னும் பலகையோட்டி சாந் மரிக் கால்வாயில் அதனை 46.82 ஆக்கினார், 2005இல் அவரே 48.70 ஆக்கினார். செயில்றொக்கற் குழுவினரோ அப்பொழுது தமது படகு நேராக ஓடுவதெப்படி என்பதைக் கற்றுக்கொண்டிருந்தனர்.

போட்லண்டிற் பரிசோதனை செய்த அக்குழு பின்னர் வோல்விஸ் குடாவைத் தெரிந்தெடுத்தது. அங்கு தாழ்ந்த மணற்றிட்டொன்று அத்திலாந்திக் பெருங்கடலைத் தடுத்துநிற்கிறது. குளிர்ந்த கடலுக்கும் கொதிக்கும் நமீப் பாலைநிலத்துக்கும் இடையிலான வேறுபாட்டாற் பிற்பகல்தோறும் தெற்கிலிருந்து காற்று எழுகிறது. கரையை ஒட்டி, சில மீற்றர் தூரத்தில் ஓடினால் நீர் கண்ணாடி போன்றிருக்கும். ஆனால் கரையை ஒட்டி ஓடுவதென்பது தவறினாற் கரையில் மோதுவதுமாகும். இப்படகு அவ்வாறு மோதியதும் உண்டு. ஒரு நாளின் வேலை பின்வருமாறு அமையும்: காலையிற் படகைக் கொட்டகையிலிருந்து எடுத்துப் பகுதிபகுதியாகச் சோதித்தல், துணைப்படகால் இழுத்துக் குடாவின் மறுகரைக்குக் கொண்டுசெல்லல், வீசும் காற்றிலே, ஒரு விமான இறகைப்போன்ற பாயை நிமிர்த்தி நிறுத்தல், பின்னர் ஓட்டம். ஓட்டம் ஒரு நிமிடத்துள் முடிந்துவிடும். படகு தானாகத் திரும்பி வரமாட்டாது ஆதலின் பாயைப் படுக்கவைத்து மீண்டும் தொடக்கத்துக்கு இழுத்துவர வேண்டும். ஒரே நாளில் இவ்வாறு பலமுறை செய்தல் இயலாத காரியம்.

2008 டிசெம்பரில் இக்குழு 47.36 நொட் சராசரியைப் பெற்றது. பாய்ப்பரப்பை அடிப்படையாகக்கொண்ட தனது வகுப்பில் அது சாதனை. தொடங்கிய காலத்திற் குறித்திருந்த 46.52 என்னும் எண்ணையும் அது தாண்டியது. ஆனால் அவ்வெண் அப்பொழுது எவருக்கும் பொருட்டன்று. முதன்மைச் சாதனை 50.57ஐ அடைந்திருந்தது. இன்னும் விரைந்து செல்ல முயன்றபோது, கணநேரம் 52 நொட்டைத் தாண்டிய படகின் முன்பகுதி நீரைவிட்டு எழுந்தது. எழுந்த உடலின் அடியைக் காற்றுப் பற்றிக்கொண்டது. படகு வானில் பின்புறமாகக் கரணமடித்துத் தலைகீழாக வீழ்ந்தது. லார்சன் பெருங்காயமின்றி மீண்டார்.

அவ்விபத்துக்கு இரு வாரங்களின் பின்னர் பிரான்சில் மற்றொரு பெரும் படகும் கவிழ்ந்தது. அலேன் தேபோவின் ‘இட்ரோப்தேர்’, நீருள் அமிழும் சிறகுகளால் உடலை உயர்த்தி ஓடும் மூவுடற் படகு. புகழ்பெற்ற கடலோடி எரிக் தபார்லியின் ஊக்கத்தாற் றோன்றியது. 1994 முதல் உடைந்தும் திருந்தியும் வந்தது. 2008 டிசெம்பர் 21ஆந் திகதி கணநேரம் 61 நொட்டைத் தொட்டுக் கவிழ்ந்தது. கணநேர வேகத்தைச் சபை கணக்கிற் கொள்வதில்லை. ஒன்பது மாதத்தில் அப்படகு செப்பனிடப்பட்டு, 2009 செப்தெம்பர் 4ஆந் திகதி 51.36 நொட் சராசரியுடன் முதன்மைச் சாதனையைக் கைப்பற்றியது. இங்கும் இருப்பு நீடிக்கவில்லை. 2010 ஒக்டோபரில் லூடெரிற்சின் வாய்க்காலில் அமெரிக்கரான றொப் டக்ளஸ் பட்டப்பலகையில் 55.65 நொட்டை அடைந்தார்.

இந்நிலையில் லார்சன் குழுவினர் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. கவிழ்ந்த படகைச் செப்பனிட்டு இரண்டு மூன்று நொட் கூட்டுவது ஒரு வழி. பலகையோட்டிகளோ ஆண்டுக்காண்டு எண்ணை உயர்த்திக்கொண்டிருந்தனர். நகரும் இலக்கைத் துரத்தினால் என்றும் பின்தங்கியே நிற்கவேண்டும். ஆகவே நிலவிய சாதனையை அன்றி, 60 நொட்டையே இலக்காகக்கொண்டு முற்றிலும் புதிய படகொன்றை வரைந்தனர். இதற்குத் தடையாக நின்றது போட்டியாளரன்று, நீரின் இயல்பே.

நீருள் ஓடும் தகட்டின் ஒரு பக்கத்தில் அமுக்கம் குறைகிறது. அக்குறைவே தகட்டுக்குப் பிடிப்பைத் தருகிறது. வேகம் 50 நொட்டை அண்மிக்கும்போது அமுக்கம் மிகத் தாழ்ந்து, நீர் வெப்பமின்றியே கொதித்து ஆவிக்குமிழாகிறது. பிடிப்புச் சிதைகிறது, படகு பக்கவாட்டில் வழுக்குகிறது. படகுகள் பல 50 நொட்டின் வாயிலில் நின்றமைக்கு இதுவே காரணம். ஆகவே புதிய படகின் தகடு வழமையான மீன்வடிவை விடுத்து ஆப்பு வடிவிற் செய்யப்பட்டது. முன்விளிம்பு கூர்மை, பின்விளிம்பு தடித்த வெட்டுமுகம். குமிழைத் தவிர்க்க முயலாது, குமிழோடு ஓடுவதே அதன் நோக்கம். கடதாசியில் இது பொருந்தியது.

செயில்றொக்கற் 2 பிரித்தானியாவின் வைற் தீவிற் கட்டப்பட்டு 2011 மார்ச்சில் இறக்கப்பட்டது. நீளமும் அகலமும் ஏறத்தாழ 12 மீற்றர். செலுத்துநர் அமரும் நீண்ட உடல் படகு செல்லும் திசையை நோக்காது, படகின்மேல் வந்து மோதும் காற்றின் திசையை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதன் மிதவைகள் மாத்திரமே செல்லும் திசையை நோக்கும். முதன்முறை காண்போர்க்குப் பிழையாகப் பூட்டியது போலத் தோன்றும். சிறகுப்பாய் 30 பாகை சாய்ந்து, காற்றுக்கு ஒதுக்கான பக்கத்தில் நிற்கும். ஆப்புத்தகடு காற்றுமுகப் பக்கத்தில் அமிழும். 1963இல் வரையப்பட்ட கோடு அப்படியே அங்கு காணப்பட்டது.

2011ஆம் ஆண்டு முழுவதும் இப்படகு ஏமாற்றமளித்தது. கவிழவில்லை, எழவில்லை, முன்னைய படகின் ஆபத்துகள் நீங்கியிருந்தன. ஆயினும் வேகம் 50 நொட்டைச் சுற்றியே நின்றது. கணக்கின்படி தாண்டவேண்டியதைப் படகு தாண்டவில்லை. உடைந்த படகு குறையை வெளிப்படையாகக் காட்டிவிடும். உடையாமல் மெதுவாக ஓடும் படகு எதனையும் கூறாது. குழுவினர் ஓட்டத்துக்கு ஓட்டம் பதிந்த அளவீடுகளையும் ஒளிப்படங்களையும் ஒப்பிட்டுத் தேடினர். பத்தாவது ஆண்டை அண்மித்த நிலையில், நிதி தந்தோருக்கும் ஊரவருக்கும் காட்டுவதற்கு வேகமெதுவுமின்றிப் பருவம் முடிந்தது.

2012இல் திருத்திய தகட்டுடன் மீண்டும் வந்தனர். அப்பொழுதும் பிடிப்புத் தவறியது. நீர்மட்டத்திலிருந்து காற்றுத் தகட்டின்வழியே கீழிறங்கிப் பிடிப்பைக் குலைக்கின்றதென்று கண்டனர். அதனைத் தடுக்க, தகட்டின் குறுக்கே வேலிபோன்ற சிறு தடுப்பொன்றைப் பொருத்தினர். கையளவான ஒரு தடுப்பு. நவெம்பர் நடுப்பகுதியில் ஒரே வாரத்துள் படகு 55.65 என்ற சாதனையைத் தாண்டிற்று. பின்னர் 60ஐத் தாண்டிற்று. 24ஆந் திகதி, 25 நொட்டைச் சற்று மேற்பட்ட காற்றில், காற்றினும் இரண்டு மடங்குக்கு மேலான வேகத்தில் அந்த 65.45 நாட்டப்பட்டது. பத்தாண்டுகளில் இயலாதது இரு வாரங்களில் முடிந்தது போலத் தோன்றும். தடுப்பை எவ்விடத்திற் பொருத்துவதென்பதை அறியவே பத்தாண்டுகள் தேவைப்பட்டன என்பதே பொருத்தமான கூற்று.

முன்னைய சாதனைகள் பல சில ஆண்டுகளே நின்றன. சில, மாதங்களே நின்றன. இம்முறை ஏறக்குறைய 10 நொட் இடைவெளி ஒரே பாய்ச்சலில் ஏற்பட்டமையாற் பலகையோட்டிகளும் பின்தங்கினர். சுவிற்சர்லாந்தின் லோசான் தொழினுட்பப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இளைஞர் சிலர் பட்டத்தால் இழுக்கப்படும் படகொன்றை ஆக்கி, 2020களில் தென்பிரான்சின் லூக்காத் நகரில் அதனை ஓட்டிச் சோதிக்கத் தொடங்கினர். அவர்களது நீர்த்தகடும் ஆப்பு வடிவினதே; குறித்துக்கொண்ட இலக்கு 80 நொட். வோல்விஸ் குடாவில் நாட்டப்பட்ட எண்ணை அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் எவரும் அழிக்கவில்லை.